முகட்டில் விழுந்த ஓட்டை

ரோப்கார் நிலைய வாசலில் மெக்கானிக் ஏணியில் நின்ற வரைக்கும் அந்த மின்கண் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பெட்டி வந்தது, கண்ணின் தலையில் இருந்த பச்சை விளக்கு மின்னியது. நாற்பது நொடி கழித்து அடுத்த பெட்டி வந்தது, மறுபடியும் மின்னியது. ஏழு ஐம்பத்து மூன்றுக்கு அவள் கீழே பார்த்து, "சரியாத்தானே இருக்கு, சும்மா பயமுறுத்தாதே" என்று கத்திவிட்டு இறங்கத் தொடங்கினாள். நான்காவது படியில் கால் வைத்தபோது கம்பிவடம் ஒரு முனகலோடு நின்றது.

"என்னய்யா?"

"பெட்டி வரலையாம்க்கா" என்றான் பொத்தான் மேசையில் இருந்தவன். ஒவ்வொரு பெட்டிக்கும் விசில் அடித்து வரவேற்பதால் அவனுக்கு விசில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மெஷின் சொல்லுது, பெட்டி வரலைன்னு. இங்க பாருங்க, என் மூக்குக்கு முன்னாடி பெட்டி. உள்ள எட்டுப் பேர். எட்டுப் பேரும் என்னை முறைக்கிறாங்க."

மெக்கானிக் மறுபடி ஏறிப் பார்த்தாள். பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டி வந்திருக்கிறது என்று அதற்கு இப்போது தெரிந்துவிட்டது. திரும்ப ஓட்டுவதற்கான சோதனைகளை முடிக்க நான்கு நிமிடம் ஆனது. அதன் பிறகு மாலைவரை ஒரு குறையும் இல்லை.

"உங்களைக் கண்டா அதுக்குப் பயம்க்கா" என்றான் விசில். "நீங்க பாக்கிறவரைக்கும் நல்ல பிள்ளை. நீங்க முதுகைக் காட்டினா போதும், ஆட்டம் போடுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ஏழு ஐம்பத்திரண்டுக்கு நின்றது. கண்ணாடியைத் துடைத்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்துக்கு நின்றது. கேபிளை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், சாயங்காலம் கண்ணையே கழற்றிப் புதிதாக வேறொன்றைப் பொருத்தினாள். இன்று புதன்கிழமை. புதுக் கண்ணும் பழையதைப் போலவே பொய் சொன்னது.

அந்தக் கண் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரோப்கார் பெட்டிகள் மலையிலிருந்து வேகமாக இறங்கி வரும். நிலையத்தின் வாசலுக்கு வந்ததும் வடத்தை விட்டுவிட்டு, ஆள் ஏறி இறங்கத் தோதாக மெதுவாக ஊர்ந்து போகும். பின்னால் வரும் பெட்டியோ இன்னும் முழு வேகத்தில் இருக்கும். முன்னால் போனது எங்காவது சிக்கி நின்றுவிட்டால் பின்னால் வருவது அதன் மேல் மோதும். ஆகையால் வாசலில், கூரை விளிம்புக்கு அடியில், எதிரெதிராக இரண்டு தூண்கள். ஒரு தூணில் விளக்கு, மற்றதில் கண். விளக்கின் ஒளி எப்போதும் கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். பெட்டி வரும்போது, அதைத் தாங்கும் உள்ளங்கை அகல இரும்புக் கை அந்த ஒளியைக் குறுக்கே மறைக்கும். கண்ணுக்கு இருட்டு. இருட்டு என்றால் பெட்டி வந்துவிட்டது. வர வேண்டிய நேரத்தில் இருட்டு வராவிட்டால் பெட்டி எங்கோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். உடனே வடத்தை நிறுத்து. அவ்வளவுதான் அதன் அறிவு. புது வகைக் கண்கள் தம் விளக்கு எது, பிற விளக்கு எது என்று பிரித்தறியும். இது பழைய வகை. இதற்கு வெளிச்சம் உண்டு, அல்லது இல்லை. மூன்றாவது சேதி தெரியாது.

பத்து மணிக்கு மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது.

"மேல இருக்கிற பம்ப் ஹவுஸ்காரங்க புகார் எழுதிட்டாங்கம்மா. மூணு நாளா ஷிப்டு தாமதம். நாளைக்குக் காலைல என்ன காரணம்னு சொல்லு. இல்லைன்னா இதுல கையெழுத்துப் போடு."

கண்ணைத் துண்டித்து இணைப்பை நேராகக் கோத்துவிட்டு ஓட்டலாம், பாதுகாப்புக்குத் தலைமை மெக்கானிக் பொறுப்பு என்று தாளில் இருந்தது.

"சார், கண்ணைக் கட்டிட்டு ஓட்டினா, பெட்டி நெஜமாவே சிக்கினா என்ன ஆகும்?"

"இருபது வருஷத்துல சிக்கியிருக்கா?"

"ரெண்டு தடவை சிக்கியிருக்கு. ரெண்டு தடவையும் அங்க இருந்த கண்ணுதான் நிறுத்துச்சு."

"அப்ப காரணத்தைக் கண்டுபிடி. கண்டுபிடிக்கவும் முடியாது, கையெழுத்தும் போட முடியாதுன்னா, போடுற ஆளை நான் தேடணும். அந்த ஆளுக்கு உன் நாற்காலியைத்தான் குடுக்கணும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அன்று முழுதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முறுக்கிய திருகாணிகளையே மறுபடி முறுக்கினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். வீட்டுக்கு வந்தும் கை ஓயவில்லை. ஐந்து மணிக்கு அவளுடைய நாத்தனார் வந்து கதவைத் திறந்தபோது, மெக்கானிக் சமையலறையில் ஏற்கெனவே பளபளத்த ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாருக்குச் சாலைத்துறையில் வேலை. மலைச்சாலைக்கு மேலே எந்தப் பாறை எப்போது விழும் என்று பார்த்துச் சொல்லும் வேலை. அண்ணன் லாரியோடு வெளியூரில் இருக்கும் நாட்களில் அண்ணியும் நாத்தனாரும்தான் வீடு. மெக்கானிக் அவளைப் பாறை என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி, அந்தப் பாத்திரம் என்ன தப்பு செஞ்சுது?"

"பேசாம போடி. நானே வெந்துபோய் இருக்கேன்."

"யாரு வேக வெச்சா? மேலாளரா?"

மெக்கானிக் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மூன்று நாள், ஏழு ஐம்பத்திரண்டு, கேபிள், புதுக் கண், தாள், நாற்காலி. சொல்லிக்கொண்டே நடந்தாள். சமையலறை நான்கு எட்டு நீளம். ஐந்தாவது எட்டுக்குச் சுவர் வரும், திரும்புவாள்.

"நின்னு சொல்லுங்க அண்ணி, எனக்குக் கழுத்து வலிக்குது. நீங்க ஏணில நிக்கும்போது மட்டும் ஏன் சரியா இருந்துச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நடக்கிறேன்? நான் எதையும் தொடக்கூட இல்ல. சும்மா பக்கத்துல நின்னு குனிஞ்சு பாத்தேன். கண்ணாடியே சரியாத் தெரியாம என் தலை நிழல் வேற அது மேல விழுந்து—"

நடை நின்றது.

"என்ன?" என்றாள் பாறை.

"நிழல் விழுந்துச்சு."

"விழுந்தா என்ன?"

"ஏழு ஐம்பதுக்கு எங்க ஸ்டேஷன்ல வெயிலே கிடையாதுடி. எட்டே முக்காலுக்குத்தான் முகட்டைத் தாண்டி வரும். அப்பவும் கூரை விளிம்பு மறைச்சுடும், கண்ணு மேல படாது. அதை யோசிச்சுத்தான் கட்டியிருக்காங்க. வெயில் இல்லாம நிழல் எப்படி விழும்?" அவள் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. "இங்க சுட்டுச்சு. டென்ஷன்ல ரத்தம் ஏறுதுன்னு நெனச்சேன்."

பாறை பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இப்போது வேறு ஒரு பரபரப்பு.

"அண்ணி, போன பனிக்காலம் முடிஞ்சதும் மதில்பாறைக்குக் கீழே மூணு லாரிக்குக் கல்லு கிடந்துச்சு. சொன்னேன்ல? எல்லாம் வெளிறின கல்லு. பழைய பாறை மேல வெயிலும் மழையும் பட்டுக் கறுத்திருக்கும். உள்ளே இருந்து புதுசா உடைஞ்சதுதான் வெளுப்பா இருக்கும். எங்கிருந்து விழுந்துச்சுன்னு ஆறு மாசமா தேடுறேன். கீழே இருந்து பாத்தா ஒரு காயமும் தெரியல."

மதில்பாறை என்பது ஊருக்குக் கிழக்கே முகட்டின் ஒரு பகுதி. பெயருக்கேற்ற மாதிரி மதில் போலவே மெலிந்து, நெட்டுக்குத்தாக நிற்கும்.

"ஓட்டை விழுந்திருக்குங்கிறியா? மலையிலயா?"

"ஏன் விழாது? பாறைல சாய்வா ஒரு வெடிப்பு, அதுக்குக் குறுக்கே இன்னொரு வெடிப்பு. தண்ணி இறங்கும், ராத்திரி உறையும். உறைஞ்சா அது பத்துல ஒரு பங்கு பெருசாகும், ஜாக்கி வெச்சுத் தூக்கற மாதிரி ரெண்டு பக்கமும் தள்ளும். பகல்ல உருகும், இன்னும் கொஞ்சம் ஆழமா இறங்கும், மறுபடி உறையும். இப்படி ஆயிரம் தடவை. கடைசியில நடுவுல இருக்கிற ஆப்பு மாதிரி துண்டு கழண்டு விழுந்துடும். தடிச்ச மலையா இருந்தா குகை. மெலிஞ்ச மதிலா இருந்தா அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டை."

"அப்ப மேலே இருக்கிறது ஏன் விழல?"

"விழுந்திருக்கும். தாங்க முடியாத கல்லெல்லாம் ஒண்ணொண்ணா விழுந்திருக்கும். மேலே இருக்கிற பாரத்தை ரெண்டு பக்கமும் இறக்கிவிடுற கல்லு மட்டும் நிக்கும். அப்படி மிஞ்சினதுதான் வளைவு. யாரும் கட்டல. நிக்க முடியாததெல்லாம் போனப்புறம் மிச்சம் இருக்கிற உருவம்."

"சரி, ஊர்ல ஒருத்தருக்குமா தெரியாது? தினம் எல்லாரும் அந்த மலையைத்தானே பாக்கிறோம்?"

பாறை அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். எதிர்ச் சுவரில் புகை போவதற்கு விட்ட ஓட்டை இருந்தது. தடிமனான பழங்காலச் சுவர்.

"இங்க இருந்து அந்த ஓட்டைல வானம் தெரியுதா?"

"இல்ல. உள்பக்கச் சுவர்தான் தெரியுது."

"இப்ப நேரா வாங்க."

இரண்டு எட்டு தள்ளி நின்றதும் கையளவு வானம் தெரிந்தது.

"மெலிசுன்னாலும் அந்த மதில் பத்து மீட்டர் கனம் இருக்கும். வெடிப்பு சாய்வா போனா ஓட்டையும் சாய்வாத்தான் இருக்கும். அதுக்கு நேர்கோட்டுல நிக்கிறவங்களுக்கு மட்டும் வானம். மத்தவங்களுக்கு இன்னொரு பாறை நிழல். அவ்வளவுதான்."

மெக்கானிக் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "உன் தொலைநோக்கியை எடு. இருட்டறதுக்குள்ள போகணும். ஓடு."

நிலையத்தில் விசில் கடைசிப் பெட்டிகளை வரவேற்றுக்கொண்டிருந்தான். குடும்பமே வேலைக்கு வந்துவிட்டதா என்று கேட்டான். மெக்கானிக் ஏணியில் ஏறி, கண்ணின் கண்ணாடிக்குப் பக்கத்தில் தன் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தாள். எதிர்த் தூணின் விளக்கு நேராகத் தெரிந்தது. அதிலிருந்து கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலப்புறம், மதில்பாறை. தொலைநோக்கியை உயர்த்தினாள். கறுத்த பாறை, கறுத்த பாறை, ஒரு வெளிறிய விளிம்பு. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. பாறையின் சாம்பல் இல்லை. மேகம் அதன் குறுக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

"பாறை" என்றாள். தொலைநோக்கியை இறக்கவில்லை. "மேகம் மலைக்குள்ள போகுதுடி."

அடுத்து ஏறிய பாறை இறங்கவே மனமில்லாமல் பார்த்தாள். எட்டு மீட்டர் அகலம் இருக்கும், தூரம் இரண்டு கிலோமீட்டர் என்று தன் கருவியில் அளந்து சொன்னாள். விளக்கின் கோட்டிலிருந்து ஓட்டையின் திசை இருபது டிகிரி விலகியிருந்தது.

இப்போது மெக்கானிக்குக் கணக்கு புரிந்தது. ஊரே முகட்டின் நிழலில் கிடக்கும் நேரத்தில், சூரியன் அந்த ஓட்டைக்குப் பின்னால் வருகிறது. இரண்டு கிலோமீட்டர் வருவதற்குள் விரிந்து, இருபத்தைந்து மீட்டர் அகலமான ஒரு வெயில் துண்டு நிலையத்தின் மேல் விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் நகர்ந்து போய்விடுகிறது. அந்த நேரத்தில் பெட்டியின் இரும்புக் கை விளக்கை மறைத்தாலும், பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலை மறைப்பதில்லை. கண்ணுக்கு வெளிச்சம் குறையவே இல்லை. பெட்டி வரவில்லை என்று அது சொன்னது பொய்யில்லை. அதற்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. அவள் குனிந்து பார்த்தபோது அவளுடைய தலையே வெயிலை மறைத்தது. பழுதைத் தேடிப் போனவளே பழுதை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவதற்குள் வெயில் துண்டு போய்விடும். அப்புறம் எதைச் சோதித்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

"மலையில ஓட்டை" என்றார் கடைசியில். "பம்ப் ஹவுஸ்காரங்களுக்கு இதை நான் எழுதி அனுப்பணும்."

"ஆமா சார்."

"சரி, அப்படியே வெச்சுக்குவோம். சூரியன் தினம் தினம் இடம் மாறுமே. ரெண்டு நாள்ல தானா சரியாயிடாதா?"

பாறை தொலைபேசியைப் பிடுங்கினாள். "சரியாயிடும் சார். நாளைக்கும் வரும், நாளன்னைக்கு வராமப் போகலாம். அப்புறம் சூரியன் இந்தப் பக்கக் கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பும். ரெண்டு மாசத்துல அதே பாதைல மறுபடி இங்கதான் வரும். வருஷா வருஷம் வரும். அதுவும் ஓட்டை ஒவ்வொரு பனிக்காலமும் பெருசாகும்."

"நீங்க யாரும்மா?"

"நாத்தனார்" என்றாள் அவள், அதுவே ஒரு பதவி போல.

"கண்ணால பாக்காம நான் நம்ப மாட்டேன். காலைல வரேன். தாளையும் கொண்டு வரேன்."

அன்றிரவு மெக்கானிக் நன்றாகத் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. படுத்ததும் புதிய கவலை ஒன்று முளைத்தது. வெயில் இருப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. காரணத்தைக் காட்ட வேண்டுமானால் வடம் நிற்க வேண்டும். நின்றால் திரும்ப ஓட்ட நான்கு நிமிடம். அதற்குள் வெயில் போய்விடும். தீர்வைக் காட்ட முடியாது. முதலிலேயே தீர்வைப் பொருத்திவிட்டால் வடம் நிற்காது. ஆனால் தீர்வினால் நிற்கவில்லையா, வெயில் வராததால் நிற்கவில்லையா என்று மேலாளர் கேட்பார். கேட்பது நியாயம்தான். வெள்ளிக்கிழமை வெயில் வருமோ வராதோ. புரண்டு புரண்டு படுத்தவள் விடியும் வேளையில் எழுந்து உட்கார்ந்தாள். வடத்தை ஓட்டவே வேண்டாம்.

வியாழக்கிழமை ஏழு நாற்பத்தெட்டுக்கு அவளே வடத்தை நிறுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கு முன்கூட்டியே நின்றுவிட்டதே என்று கூச்சல் போட்டார்கள். காலிப் பெட்டி ஒன்றைக் கையால் தள்ளி, அதன் இரும்புக் கை விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வரும்படி வாசலில் நிறுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி இருக்கிறது.

"எரியட்டும்" என்றார் மேலாளர், தாளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. "அதுக்கென்ன?"

"அஞ்சு நிமிஷம் இருங்க சார். யாரும் ஏணிப் பக்கம் போகாதீங்க."

ஏழு ஐம்பதுக்கு ஒன்றுமில்லை. ஏழு ஐம்பத்தொன்றுக்கும் ஒன்றுமில்லை. மெக்கானிக் மேலே வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் வந்தால் போதும், எல்லாம் முடிந்தது. அப்போது விசில் தன் பெயருக்கேற்ப நீளமாக ஒன்று அடித்தான். மங்கிய நீல நிழலில் கிடந்த நிறுத்துமிடத்தின் கோடியில், ஒரு மஞ்சள் வட்டம் தரையில் ஊர்ந்து வந்தது. டிக்கெட் ஜன்னலைத் தொட்டது, வரிசையில் நின்றவர்களின் முகங்களைத் தொட்டது. கூச்சல் அடங்கியது. எல்லோரும் திரும்பி, எங்கிருந்து வருகிறது என்று கிழக்கே பார்த்துக் கண் கூசினார்கள். மதில்பாறையின் நடுவில் நெருப்பு வைத்தது போல ஒரு புள்ளி.

வட்டம் தூணில் ஏறியது. பச்சை விளக்கு அணைந்தது.

"பெட்டி வரலையாம்!" என்றான் விசில். பெட்டி எல்லோருக்கும் முன்னால் அசையாமல் நின்றது.

மெக்கானிக் ஏணியில் தாவி ஏறி, வெயிலுக்குக் குறுக்கே வராமல் தூணின் மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டாள். கையில் இருந்ததைக் கண்ணின் மேல் மாட்டினாள். பச்சை எரிந்தது. கழற்றினாள், அணைந்தது. மாட்டினாள், எரிந்தது. கழற்றினாள், அணைந்தது. வெயில் தூணிலிருந்து நழுவிக் கூரையின் பின்னால் மறைவதற்குள் அவள் அதை ஆறு முறை செய்து காட்டினாள். ஆறாவது முறை மாட்டியதைக் கழற்றவில்லை, திருகி முடுக்கினாள்.

"அது என்னதும்மா?" என்று மேலாளர் கேட்டார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"குழாய் சார்."

"வெறும் குழாயா?"

"வெறும் குழாய்தான்."

கண்ணாடியின் அகலம் நான்கு சென்டிமீட்டர். அதே அகலத்தில், இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சு, வெளிச்சம் சுவரில் பட்டுத் தெறிக்காமல் இருக்க. அதைக் கண்ணின் முன்னால் நேராகப் பொருத்தினால், பதினோரு டிகிரிக்கு மேல் சாய்ந்து வருகிற எந்த ஒளியும் குழாயின் சுவரில் மோதி நின்றுவிடும், கண்ணாடியைத் தொடாது. முகட்டு ஓட்டை வழியாக வரும் வெயில் இருபது டிகிரி சாய்ந்து வருகிறது. அது உள்ளே போகாது. எதிர்த் தூணின் விளக்கு நேராக இருக்கிறது. அதன் ஒளி மட்டும் போகும்.